மஞ்சள் முக்கோணம்

மூன்று வருசத்துக்கு முந்தி, தை மாசத்து விடியற்காலை ஒன்றில், எங்கள் நாய் கருப்பன் அடுப்படி வாசலில் வந்து நின்றது. பனி கலையவில்லை, வெளிச்சமும் சரியாக வரவில்லை. அந்த அரையிருட்டில் நாயின் கண்மணி அகலமாக விரிந்திருக்க வேண்டும். கருப்பனுக்கு அது கடுகளவு சுருங்கிக் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. தொடைச் சதை, தோலுக்கடியில் புழு ஓடுவதுபோல், தானாகத் துடித்தது. ரெண்டு எட்டு வைத்தது, பின்னங்கால் மடிந்தது, உட்கார்ந்த இடத்திலேயே கழிந்தது.

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "குருணை."

எங்கள் வீடு கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவில் இருக்கிறது. காப்பி, மிளகு, மலைவாழை, சௌசௌ, பீன்ஸ் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைத்திருக்கிறோம். நான் வத்தலக்குண்டில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். சனி, ஞாயிறு மலையில்.

குருணை என்று அப்பா சொன்னது கார்போஃபியூரான். வாழைக்கன்று நடும்போது குழியில் போடுகிற மருந்து. (பூச்சிக்கொல்லிக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் பூச்சிக்கொல்லி என்று பாடம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "மருந்தடிச்சாச்சாப்பா?" என்று நானே கேட்பேன்.) நீலகிரியில் குருணைக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1961-ல் ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்கு வேரில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் புழுவை அடக்க மண்ணில் போட்டவற்றில் இதுவும் ஒன்று. இப்போதோ புழுவையும் தாண்டிக் காட்டுப்பன்றிக்கும் வைக்கிறார்கள். பன்றி தின்கிறதோ இல்லையோ, நாய் தின்னும், நரி தின்னும், காக்கா தின்னும். நீலகிரியில் 2023 செப்டம்பரில், அவலாஞ்சி அணைப் பக்கம் ரெண்டு புலிகள் செத்துக் கிடந்தன. அவை தின்ற மாட்டின் சடலத்தில் விஷம் வைக்கப்பட்டிருந்தது. எங்கள் வரப்பில் வைத்தது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டோம். காட்டுமாடும் பன்றியும் ஒரே ராத்திரியில் ஒரு போகத்தையே அழித்துவிட்டுப் போவதை நாங்களும்தான் பார்த்திருக்கிறோம்.

கருப்பனை ஜீப்பில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனோம். நல்ல வேளை, வழியிலேயே ரெண்டு தரம் வாந்தி எடுத்துவிட்டது. டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், அட்ரோபின் குப்பியை உடைத்தார். எவ்வளவு போடுவது என்பதற்கு அவர் பார்த்தது எச்சிலைத்தான். ஒரு ஊசி போடுவார், கொஞ்ச நேரம் காத்திருப்பார், ஈறை விரலால் தொட்டுப் பார்ப்பார். ஈரமாகவே இருந்தால் இன்னொன்று. மூன்றாவது ஊசிக்கு வாய் காய்ந்தது, மூச்சு சீரானது. தொடைத் துடிப்பு மட்டும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது வேற பூட்டு டீச்சர். இந்தச் சாவி அதுக்குச் சேராது."

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்து வருசமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டிய படத்தை அன்றுதான் நான் உயிரோடு பார்த்தேன். ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கோ தசைக்கோ சேதி சொல்ல வேண்டுமானால், நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியில் அசிட்டைல்கோலின் என்ற சரக்கைக் கொட்டும். 1921-ல் ஓட்டோ லோவி என்கிற விஞ்ஞானி ரெண்டு தவளை இதயங்களை வைத்து, நரம்பு வேதிப்பொருள் மூலம் பேசுகிறது என்று காட்டினாரே, அப்போது பிடிபட்டது இதுதான். சேதி சொல்லி முடிந்ததும் ஒரு நொதி வந்து அந்தச் சரக்கைத் துண்டு துண்டாக வெட்டித் துப்புரவு செய்துவிடும். குருணை அந்த நொதியின் கையைக் கட்டிப் போடுகிறது. சேதி தீராமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எச்சில் சுரப்பிக்குச் "சுர, சுர" என்கிறது, கண்மணிக்குச் "சுருங்கு, சுருங்கு" என்கிறது. அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ரெண்டு வகை உண்டு. அட்ரோபின் ஒரு வகையைத்தான் மூடும். ஊமத்தை குடும்பத்துச் செடிகளில் இருக்கிற அதே சரக்கு அது. தசையில் இருப்பது இன்னொரு வகை. டாக்டர் சொன்ன வேற பூட்டு. அதன் பெயர் நிக்கோட்டினிக் ஏற்பி. இந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

குருணை கார்பமேட் வகை என்பதால் கருப்பன் தப்பித்தது. கார்பமேட் சில மணி நேரத்தில் நொதியை விட்டுவிடும். குளோர்பைரிஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை அத்தனை சுலபத்தில் விடாது. அந்த வகையின் பூர்வீகமே விபரீதமானது. 1936-ல் ஜெர்மனியில் ஷ்ராடர் என்கிற வேதியியலாளர் பூச்சிக்கு மருந்து தேடப்போய், போரில் மனிதரைக் கொல்லும் டாபுன் நஞ்சில் போய் முட்டிக்கொண்டார். பூச்சிக்கும் நமக்கும் நரம்பில் அத்தனை நெருங்கிய சொந்தம்.

சாயங்காலம் கருப்பன் கஞ்சி குடித்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம். விஷம் என்றால் எப்படியிருக்கும் என்று எனக்கு ஒரு படம் மனசில் பதிந்துபோனது. எச்சில் ஒழுகும், துடிக்கும், ஒன்று சாகும், இல்லை பிழைக்கும். அந்தப் படம்தான் அடுத்த வருசம் என்னை ஏமாற்றியது.

அப்பாவிடம் பன்னிரண்டு தேன் பெட்டிகள் இருந்தன. எல்லாம் அடுக்குத்தேனீ. காப்பித் தோட்டத்து ஓரமாகக் கல் நட்டு, கல்லுக்குக் கல் பத்தடி விட்டு வைத்திருப்பார். அந்த வருசம் கோடை மழை விழுந்து காப்பிப் பூ வெடித்தபோது, தோட்டமே மல்லிகைப் பந்தல் மாதிரி மணத்தது. வழக்கமாக அந்த ஒரு வாரம் பெட்டி வாசலில் நெரிசல் தாங்காது. அப்பா போன் பண்ணினார்.

"பாப்பா, பெட்டி எளைக்குது."

"செத்துக் கெடக்காப்பா?"

"அதான் இல்ல. பெட்டிக்குக் கீழ ஒண்ணுகூடக் கெடக்கல. காலைல போறது சாயங்காலம் வரமாட்டேங்குது."

அந்த சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். முதலில் நோய் என்றுதான் நினைத்தேன். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியா முழுக்க அடுக்குத்தேனீயைத் துடைத்துப் போட்டதை அப்பா இன்னும் மறக்கவில்லை. அப்போது தாத்தாவின் பெட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எதற்கெடுத்தாலும் மருந்து, மருந்து என்று பழி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், காரணம் அந்த வைரஸ்தான். அடையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். புழுக்கள் வெள்ளையாக, வளைந்து, நன்றாகவே இருந்தன. பைபோல் நீர் கோத்த புழு ஒன்றுகூட இல்லை. மெழுகுப் பூச்சியும் இல்லை. ராணி முட்டை வைத்துக்கொண்டிருந்தது. குடும்பம் இருக்கிறது, சம்பாதிக்கிற கைகளைத்தான் காணோம்.

மத்தியானம் சௌசௌ பந்தலுக்குக் கீழே அப்பா கூப்பிட்டுக் காட்டினார். ஒரு இலைமேல் ஒரு தேனீ. பின்னங்கால் ரெண்டிலும் மகரந்த உருண்டை, மஞ்சளாக, முழுசாக. வேலை முடித்த தேனீ அது, வீட்டுக்குப் போக வேண்டியது. ஆனால் இலையின் விளிம்புவரை நடக்கும், நிற்கும், முன்னங்காலால் உணர்கொம்பை வழித்து வழித்துத் துடைக்கும், திரும்பி நடக்கும். இருபது நிமிசம் பார்த்தோம். அப்பா அதை விரலில் ஏற்றிக்கொண்டு போய்ப் பெட்டியின் வாசல் பலகையில் விட்டார். வாசல்வரை நடந்தது. காவல் தேனீ ஒன்று மோந்து பார்த்து விலகி வழிவிட்டது. உள்ளே போகாமல் திரும்பி, பலகையின் மறு ஓரத்துக்கு வந்து நின்றது.

"வழி தெரியாம நிக்குது," என்றார் அப்பா.

எச்சில் ஒழுகவில்லை. துடிக்கவில்லை. சாகவும் இல்லை.

"பீன்ஸுக்கு என்னப்பா அடிச்சீங்க?"

அசுவினிப் பூச்சிக்கு அடித்தது. கடையில் கேட்டு வாங்கியது, எல்லோரும் வாங்குவது, இமிடா. இமிடாகுளோபிரிட் என்கிற முழுப்பெயர் புட்டியில் இருந்தது. கூடவே ஒரு மஞ்சள் முக்கோணம்.

அந்த முக்கோணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் விற்கிற ஒவ்வொரு பூச்சிக்கொல்லிப் புட்டியிலும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நாலில் ஒரு நிறம் இருக்கும். சோதனை விலங்குகளுக்கு, பெரும்பாலும் எலிகளுக்கு, மருந்தைக் கொடுத்து, அவற்றில் பாதி சாவதற்கு ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். வாய்வழியாக 50-க்குள் முடிந்தால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. பாதி எலி செத்ததா இல்லையா, அவ்வளவுதான் கணக்கு. சாகாத மீதிப் பாதி கூண்டில் எந்த மூலையில் போய் உட்கார்ந்தது, சாப்பாட்டுத் தட்டுக்கு வழி தெரிந்ததா, குட்டிக்குப் பால் கொடுத்ததா என்பது முக்கோணத்துக்குள் வராது. கடைக்காரரிடம் பின்னால் ஒருநாள் தேனீயைப் பற்றிக் கேட்டேன். "மஞ்சள்தான் டீச்சர், ஒண்ணும் ஆகாது," என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கற்றுக் கொடுத்த பாஷை அது.

இமிடாகுளோபிரிட் நியோநிக்கோட்டினாய்டு வகை. புகையிலையில் இருக்கிற நிக்கோட்டினின் சாயலில் செய்தது. கருப்பனின் தொடையில் துடித்துக்கொண்டிருந்ததே, அந்த வேற பூட்டு, நிக்கோட்டினிக் ஏற்பி, அதில் போய் அசிட்டைல்கோலின் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பாலூட்டிகளின் ஏற்பியைவிடப் பூச்சிகளின் ஏற்பியில் இது நன்றாகப் பொருந்தும். மஞ்சள் முக்கோணம் கிடைத்ததே அதனால்தான். நமக்கும் நாய்க்கும் அந்தப் பூட்டு தசையில் முக்கியம். தேனீக்கோ மூளைக்குள்ளேயே சேதி போவது பெரும்பாலும் அந்தப் பூட்டின் வழியாகத்தான். போதாததற்கு இது ஊடுருவிப் பாயும் மருந்து. இலையில் அடித்தால் இலையோடு நிற்காது. சாற்றில் கலந்து, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும்.

தேனீயின் மூளை எள்ளைவிடச் சின்னது. அதற்குள் சுமார் பத்து லட்சம் நரம்பணுக்கள். அதில் காளான் குடை மாதிரி ரெண்டு உறுப்புகள் இருக்கின்றன. வாசனையும் காட்சியும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஞாபகமாகிற இடம் அது. எந்தப் பூ, எந்தத் திசை, எந்தப் பாறை தாண்டித் திரும்ப வேண்டும் எல்லாம் அங்கேதான். 2013-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் அந்த அணுக்களின் மின்துடிப்பை நேரடியாக அளந்து பார்த்தார்கள். வயல்வெளியில் தேனீக்குக் கிடைக்கக்கூடிய அளவு இமிடாகுளோபிரிட் பட்டதும், அணுக்கள் முதலில் கிளர்ந்தன. கிளர்ந்த நிலையிலேயே சிக்கி, பிறகு துடிப்பே அடங்கிப்போனது. சுவிட்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் காலிங்பெல் கருகிப்போய் ஊமையாகுமே, கிட்டத்தட்ட அந்தக் கதை. கருகுவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அப்பாவின் "சாயங்காலம் வரமாட்டேங்குது" என்ற வாக்கியத்தை 2012-லேயே பிரான்சில் ஒரு குழு அளந்து வைத்திருக்கிறது. தேனீக்களின் முதுகில் நுண்ணிய ரேடியோ சில்லு ஒட்டி, இமிடா வகையைச் சேர்ந்த தயாமீதாக்சம் கலந்த சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கூட்டிலிருந்து தூரத்தில் விட்டார்கள். கொடுத்தது 1.34 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கு போட்டால் வருகிற பங்கு ஒன்றே காலுக்குக் கொஞ்சம் மேல். கொல்லுகிற அளவு அது இல்லை. ஆனாலும் கொடுக்காத தேனீக்களைவிடக் கொடுத்தவை வீடு திரும்பாமல் போனது அதிகம், பழகாத இடத்திலிருந்து விட்டபோது இன்னும் அதிகம். வீடு திரும்பாத தேனீ ஒரு ராத்திரியோடு சரி. மருந்து கொல்லவில்லை, பனிதான் கொன்றது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

2018-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. வண்டுத்தேனீக்களின் முதுகில் குறியீட்டு அட்டை ஒட்டி, கேமரா வைத்து, கூட்டுக்குள் அவை ராத்திரியும் பகலும் என்ன செய்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள். இமிடாகுளோபிரிட் உண்டவை புழுக்களுக்குப் பணிவிடை செய்வது குறைந்தது, ராத்திரியில் அது இன்னும் மோசம். கூட்டத்தை விட்டு ஓரமாகப் போய் இருந்தன. குளிரில் கூட்டைச் சூடாக வைக்கும் வேலையிலும் பிசகின. வெளியே போகிறவர் வழி தவறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், வீட்டில் இருப்பவருக்கே பிள்ளை அழுவது காதில் விழவில்லை.

இது பூச்சியோடு முடிகிற விசயமும் இல்லை. கனடாவில் வெண்முடிச் சிட்டுகளைப் பிடித்து, மருந்து பூசி விதைநேர்த்தி செய்த விதையில் கிடைக்கிற மாதிரி மிகச் சிறிய அளவு இமிடாகுளோபிரிட் கொடுத்து விட்டிருக்கிறார்கள். 2019-ல் வெளியான ஆய்வு. கூடுதல் அளவு கொடுத்தவை சில மணி நேரத்திலேயே உடல் எடையில் 6 சதவீதம் இழந்தன, தீனியைக் குறைத்தன, வலசை கிளம்ப மற்றவற்றைவிடச் சராசரி மூன்றரை நாள் தாமதித்தன. குருவி சாகவில்லை. எந்தக் கணக்கிலும் வராத மூன்றரை நாள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க உள்ள தேனீ வேற, நம்ம தேனீ வேற," என்றார். நியாயம்தான். மேலே சொன்ன தேனீக்கள் எதுவும் நம் அடுக்குத்தேனீ இல்லை. அடுக்குத்தேனீயைப் பற்றி 2015-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தார் எழுதியதைத் தேடிப் படித்தேன். மருந்து அதிகம் புழங்கும் வயல்களில் பிடித்த தேனீக்கள் பழகிய வாசனைக்கு நாக்கை நீட்டுவது, மருந்து குறைவான இடத்துத் தேனீக்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. உணர்கொம்பில் இருக்கும் மோப்ப முடிகள் சிதைந்திருந்தன. மூளைக்குள் நரம்பு வேலைக்கு வேண்டிய கால்சியமும் குறைந்திருந்தது.

நாக்கு நீட்டும் சோதனை பள்ளிக்கூடத்திலேயே செய்யக்கூடியது. அப்பா பெட்டியிலிருந்து எட்டு தேனீ, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மாமாவின் காப்பித் தோட்டத்துப் பெட்டியிலிருந்து எட்டு தேனீ கொண்டு போனேன். ஐஸில் வைத்து மயக்கி, குளிர்பானக் குழலை வெட்டி அதற்குள் கழுத்துவரை நுழைத்து, தலை மட்டும் வெளியே தெரிய ஒட்டுத்தாளால் நிறுத்தினோம். கிராம்பு எண்ணெய் வாசனை, உடனே உணர்கொம்பில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர். மூன்று தடவை. நாலாவது தடவை கிராம்பு வாசனை மட்டும். மாமா தோட்டத்துத் தேனீயில் ஆறு, அந்த வாசனைக்கே பழுப்பு நாக்கை நீட்டின. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்துவிட்டார். அப்பா தேனீயில் மூன்று. பதினாறு தேனீயை வைத்து ஒன்றையும் நிரூபிக்க முடியாது என்று பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னேன். அப்பாவிடம் அவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை.

2015-லேயே வந்த இன்னொரு விசயத்தை மட்டும் அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. வெறும் சர்க்கரைத் தண்ணீரும், இமிடாகுளோபிரிட் கலந்த சர்க்கரைத் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தேனீக்கு மருந்தின் ருசியே தெரிவதில்லை. இருந்தும் மருந்து கலந்ததைத்தான் அதிகம் குடிக்கிறது. எங்கள் ஊர் டாஸ்மாக் வாசலைத் தினமும் தாண்டிப் போகிற மனுசருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், அதே வகையான குளோதியானிடின் மூன்றையும் திறந்தவெளிப் பயிருக்கு அடிக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. இங்கே நிறுத்தினால் அசுவினிக்கு என்ன அடிப்பது என்று அப்பா கேட்டார். வேப்பெண்ணெய்க் கரைசல் என்று நான் ஆரம்பித்ததும் சிரித்தார். வேப்பெண்ணெய்க்கு வாரம் ஒரு ஆள் கூலி, ஒட்டன்சத்திரத்தில் பீன்ஸ் விலை என்று ரெண்டு எண்களைச் சொன்னார், நான் வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் பீன்ஸ் பூக்கிற நாளில் இமிடா இல்லை என்பதுவரை வந்தார். சௌசௌவில் அந்த வருசம் பூ நின்றும் பிஞ்சு நிற்கவில்லை. என் ஆராய்ச்சிக் கதைகளைவிட அதுதான் அவரை நகர்த்தியது என்று நினைக்கிறேன். தேனீ தொடாத சௌசௌப் பூ நாலு நாளில் காம்போடு உதிரும்.

மீதியிருந்த ஏழு பெட்டிகளை மாமா தோட்டத்துக்கு மாற்றுவது என்று முடிவானது. போன மாசி மாசம், இருட்டிய பிறகு வாசலைத் துணியால் அடைத்து, தலைச்சுமையாகவே கொண்டு போனார்கள். ரெண்டு கிலோமீட்டருக்குள் பெட்டியை நகர்த்தினால் ஒரு தொல்லை உண்டு. மேயப்போகிற தேனீக்கு அந்த மலைச்சரிவு முழுக்க ஏற்கெனவே மனப்பாடம். காலையில் புது வாசலிலிருந்து கிளம்பும், பூவைப் பார்க்கும், திரும்பும்போது பழைய கல்லுக்கே வந்துவிடும். தூரமாகக் கொண்டு போங்க என்று மாமா சொல்லிப் பார்த்தார். அப்பாவுக்கு ஜீப் வாடகை கொடுக்க மனசில்லை.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்குத் தோட்டத்து ஓரம் போனால், பெட்டியில்லாத கற்களின்மேல் கொத்துக் கொத்தாகத் தேனீ. பெட்டி இருந்த உயரத்திலேயே, வாசல் இருந்த பக்கமாகவே காற்றில் நின்று சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு கல்லில் முப்பது நாற்பது இருக்கும். எனக்கு ஐயோ என்றிருந்தது. அப்பா பழைய அடை வைத்த காலிப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து கல்லில் வைத்தார், சாயங்காலம் அவற்றைச் சேர்த்து அள்ளிக்கொண்டு போவதற்கு. வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரெண்டு காலிலும் மகரந்தத்தோடு ஒரு தேனீ வந்தது. ஒரு சுற்று சுற்றி, நேராக வாசலில் இறங்கி, நிற்காமல் உள்ளே போனது.

"போன வருசம் இருக்கிற வீட்டுக்கே வழி தெரியாம நின்னுச்சு," என்றார். "இப்பப் பாரு, விட்டுட்டுப் போன வீட்ட மறக்க மாட்டேங்குது."

எண்ண ஆரம்பித்தார். கருப்பன் அவர் காலடியில் படுத்துக்கொண்டு, வாசலுக்கு வருகிற ஒவ்வொரு தேனீக்கும் காதை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.